சாரத்தில் மூன்றாவது கணினி

கடைசி ஸ்குரூவை முறுக்கி முடிப்பதற்குள்ளாகவே சத்யப்பிரியாவின் இடது கை பவர் பட்டனை அழுத்திவிட்டது. விசிறி சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கி, ஒரு வரியில் வந்து நின்றன. படித்தவள் முகம் சுண்டிப்போனது.

பயன்படுத்தக்கூடிய கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லை.

ஆறு மணிக்குள் கணக்கை முடித்து அனுப்பியாக வேண்டும். இப்போதே மூன்றரை.

"இன்னா சொல்லுது?" என்றான் அண்ணன் தெய்வசிகாமணி. மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது. தங்கை போனில் போட்ட கூப்பாட்டுக்கு, தன் வீட்டுப் பரணில் கிடந்த அவளுடைய பழைய கார்டை எடுத்துக்கொண்டு காலாப்பட்டிலிருந்து பைக்கில் பறந்து வந்திருந்தான்.

"கார்டே இல்லன்னுது."

"கண்ணு முன்னாடி சொருவி வெச்சிருக்க. அதுக்குக் கண்ணு தெரியலயா?"

மதியம் வரை நல்ல கார்டு ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. திடீரென்று ஒரு கருகல் வாடை, அதோடு சரி. கார்டு இல்லாமல் கணினியை ஓட்டினால் கணக்கு முடிய நாளை விடிந்துவிடும்.

விஷயம் இதுதான். வானத்திலிருந்து பதிவு செய்த ரேடியோ இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி, உலகெங்கும் விருப்பப்பட்டுக் கை கொடுக்கிறவர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறது ஓர் ஆராய்ச்சிக் குழு. ஒரே துண்டை இரண்டு கணினிகள் அலசும். இந்தத் துண்டில் ஒன்று, 'நட்சத்திரத் துடிப்பு இருக்கிறது' என்றது. இன்னொன்று, 'வெறும் இரைச்சல்' என்றது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய மூன்றாவது கணினி சாரம் பகுதியில், சத்யப்பிரியாவின் வீட்டில், துணி காயும் கொடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. இன்று மாலையோடு இந்தத் தொகுப்பை மூடுகிறார்கள். பதில் வராத துண்டு அப்படியே கழிக்கப்பட்டுவிடும்.

"ரெண்டும் சண்ட போட்டா, திரும்ப ஒருக்கா வானத்தக் கேட்டுட்டுப் போறது. அதுக்கு நீ ஏன் பாப்பா இந்தக் குதி குதிக்கற?"

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். பழைய கார்டுக்குப் பழைய டிரைவர் மென்பொருள்தான் ஒத்துவரும். புதியதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையதை இறக்கினாள். கணினி மறுபடி எழுந்தது. அதே வரி.

செருகியிருக்கும் சாமான்களையெல்லாம் காட்டு என்று கட்டளை கொடுத்தாள். சவுண்டு இருந்தது, நெட்வொர்க் இருந்தது. கார்டு மட்டும் காணோம். அப்படியானால் கோளாறு டிரைவரில் இல்லை.

கார்டைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவசரத்தில் பார்க்காமலே செருகியிருக்கிறாள். தங்க நிறப் பற்கள் மேல் வழவழவென்று என்னவோ. மோந்து பார்த்தாள். படகு வாடை.

"அண்ணா. இதுல இன்னா தடவின?"

"கிரீஸு." குரலில் பெருமை. "கடக்காத்துல பித்தளையே பூத்துப்போவுது. எஞ்சின் பேட்டரிக்குத் தடவற மாதிரி கெட்டியா தடவி வெச்சேன். ஒரு பொட்டு துரு இருக்கா பாரு."

துரு இல்லைதான். கிரீஸைத் தாண்டி மின்சாரமும் போகவில்லை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தாள். பென்சில் ரப்பரால் தேய்த்தாள். கார்டு செருகும் ஸ்லாட்டை அண்ணனே ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினான். மறுபடி பட்டன்.

கார்டு தெரிந்தது. கணக்கு ஓடத் தொடங்கியது.

"அது இன்னா நட்சத்திரம்?" விசிறி இரைச்சலுக்கு நடுவே கேட்டான்.

"செத்துப்போனது. நம்ம லைட் ஹவுஸ் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். சுத்தறப்பல்லாம் ரேடியோ அலைய இந்தப் பக்கம் ஒரு அடி அடிக்கும்."

"எம்மாம் பெருசு?"

"இங்கேர்ந்து கடலூர் வரைக்கும் ஒரே உருண்டைன்னு வெச்சுக்க."

"ஒரு சுத்துக்கு எவ்ளோ நேரம்?"

"ஒரு செகண்டுல நூறு சுத்துக்கு மேல."

தெய்வசிகாமணி ஜன்னல் வழியாகத் தெற்கே பார்த்தான். கடலூர் வரைக்கும் படகு ஓட்டுகிறவன் அவன். அந்தத் தூரம் மொத்தமும் உருண்டு திரண்டு, கண் இமைப்பதற்குள் பல சுற்றுச் சுற்றுவதை நினைத்துப் பார்க்கிறான் போலிருந்தது. அதன்பின் அவன் கேலி பேசவில்லை. திரையின் எதிரில் கைகட்டி நின்றான்.

ஆறுக்குச் சற்று முன்னால் கணக்கு முடிந்தது. திரையில் தரையோடு தரையாகக் கிடந்த கோட்டின் நடுவில் ஒரு கூரான முள், நிமிர்ந்து நின்றது. அனுப்பினாள். பதில் வந்தது.

இரண்டுக்கு ஒன்று. துடிப்பு இருக்கிறது.

அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"இப்பவாவது சொல்லு பாப்பா. இன்னொருக்கா வானத்தக் கேட்டுக்கக் கூடாதா?"

"கேக்க முடியாதுண்ணா. இவ்ளோ சன்னமா வர்றதக் கேட்ட டெலஸ்கோப்பே இப்ப இல்ல. மலைப் பள்ளத்துக்கு மேல கம்பியில தொங்கிக்கிட்டிருந்துது. கம்பி ஒண்ணொண்ணா அறுந்து, விழுந்து தூளாப் போச்சு." அவள் விரல் திரையில் இருந்த முள்ளைத் தொட்டது. "இது மொதக் கம்பி அறுந்ததுக்கு முந்தின ராத்திரி அது கேட்டது."