மகிழ்ச்சிக் கொப்பி

மலர்முகம் தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்த றிஸ்மினாவின் வேலை, நுரைச்சோலைக்கு அப்பால் ஒரு குடியிருப்பிலுள்ள முப்பது பெண்களைச் சந்தோஷமாக இருக்கச் செய்வது. நியமனக் கடிதத்தில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சாரம் இதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த முஸ்லிம்களின் குடியிருப்பு அது. யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகிவிட்டது. ஓலைக் கொட்டில்கள் கல்வீடுகளாகிவிட்டன. ஆனாலும் அந்த இடத்தைக் ‘கேம்ப்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வர வேண்டும், அது வருகிற நாளில் வரும். என்ன தேவை என்று கேட்டறியும் கூட்டத்தில் முப்பது பெண்களும் ஒரே வாயாகத் தண்ணீர்த் தொட்டிதான் கேட்டார்கள். பணிப்பாளர் மிஹ்லார் தலையை ஆட்டியாட்டிக் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, அட்டையில் சூரியகாந்திப் பூப் போட்ட முப்பது கொப்பிகள் வந்து இறங்கின.

“தொட்டி, சேர்?” என்று றிஸ்மினா கேட்டாள்.

“கட்டடம் கட்டுறது எங்கட துறையில்ல தங்கச்சி. எங்கட துறை மனசு.”

திட்டத்தின் பெயர் ‘தினம் ஒரு துளி மகிழ்ச்சி’. ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு நாளும் தனக்கு நடந்த ஒரு நல்ல விஷயத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் மனம் மலர்ந்துவிடும் என்று எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்திருந்தார்களாம்.

முதல் கிழமையே கமீலா நெற்றியைச் சுருக்கினாள். காலையில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கும், பின்னேரம் கருவாடு காயவைக்கும் வாடிக்கும் போகிறவள்.

“சந்தோசமா இருக்கிறது எத்தின மணிக்கு மிஸ்? காலையில வெங்காயம், பின்னேரம் கருவாடு. இடையில எங்க வெக்கிற?”

இரண்டு மாதம் கழித்துக் கொப்பிகளைப் பார்க்கப் போனபோது, கமீலாவின் கொப்பி ஆட்டங்கண்ட மேசைக் காலுக்கு அடியில் சந்தோஷமாக இருந்தது. இன்னொருத்தியின் கொப்பியில் பிள்ளை பெருக்கல் கணக்குச் செய்திருந்தது. வேறொரு வீட்டில் சூரியகாந்தி அட்டையை வெட்டி யன்னல் ஓட்டையில் ஒட்டியிருந்தார்கள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பரீனா மட்டும் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். ஒரு எழுத்தும் எழுதவில்லை. மரியாதையாவது இருக்கிறதே என்று றிஸ்மினா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு வியாழக்கிழமை மிஹ்லார் அவளைக் கூப்பிட்டார். உதவி வழங்கும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து இங்கிரிட் என்ற அம்மையார் திங்கட்கிழமை வருகிறார், கொப்பிகளைப் பார்க்கப் பிரியப்படுகிறார்.

“சேர், கொப்பியெல்லாம் வெறுமையா இருக்கு.”

“வெறுமை எண்டு சொல்லாதீங்க. ‘பதிவு தாமதம்’ எண்டு சொல்லுங்க. திங்கட்கிழமைக்குள்ள தாமதத்த முடிச்சிருங்க.”

அவள் வேறொரு குடியிருப்புக்கென்று களஞ்சியத்தில் வைத்திருந்த முப்பது புதுக் கொப்பிகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினாள். ஐந்து நிறப் பேனைகள். ஒரு கொப்பிக்கு வலது கை, ஒரு கொப்பிக்கு இடது கை. ‘இன்று கடலைப் பார்த்தேன். மனம் லேசாகி அழுதுவிட்டேன்.’ ‘இன்று என் வாசலுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது.’ இப்படியே போனதில் எட்டாவது கொப்பியோடு வண்ணத்துப்பூச்சிகள் தீர்ந்துபோயின.

பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். கமீலாவுக்கு எது சந்தோஷமாக இருக்கும்? தெரியவில்லை. எத்தனையோ தரம் போய் வந்தும் அதைக் கேட்டதே இல்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. வேறு வழியில்லாமல் தனக்கு நடந்தவற்றை எடுத்து எழுதினாள். அவள் ஓடி வருவதைக் கண்டு பஸ்ஸை நிறுத்தி வைத்த கொண்டக்டர். பாலாவிச் சந்தியில் மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் சிக்கப் போன அவளுடைய பர்தாவின் நுனியை எட்டிப் பிடித்த, பெயர் தெரியாத ஒரு சிங்களப் பெண். மீன் வைத்த கடைசி மாலுபாணை அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த, பாண் விற்கும் ஆட்டோக்காரர். எழுத எழுத வந்துகொண்டே இருந்தன. தன்னுடைய நாட்களில் இவ்வளவு இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது. எல்லாவற்றையும் வேறு வேறு பெண்களின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு அஸர் தொழுகை நேரத்துக்குக் கொப்பிகளைக் கட்டினாள். விரல்கள் நீலமும் பச்சையுமாக இருந்தன.

திங்கட்கிழமை, வான் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய்ப் பெண்களைப் பாலர் பாடசாலை மண்டபத்தில் கூட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது முகம் எரிந்தது.

கமீலா தன் பெயருள்ள கொப்பியைப் புரட்டினாள். “நான் கடலப் பாத்து அழுதனா? எப்ப மிஸ்?”

“போன மாசம், ராத்தா.”

“நான் வேலய உட்டுட்டு கடலப் பாத்து அழ, எங்கட மாமி பாத்துக்கிட்டு நிண்டாவாமா?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. றிஸ்மினாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பரீனா அதைக் கண்டுவிட்டாள்.

“இதக் கண்டு பிடிச்சா மிஸ்ஸுட வேல போயிருமா?”

“போகலாம்.”

“அப்ப சரி. நாங்க மூணு மாசமும் சந்தோசமாத்தான் இருந்தம். முடிஞ்சுது கதை.”

வான் வந்தது. இங்கிரிட் அம்மையார், மிஹ்லார், சிலாபத்திலிருந்து மொழிபெயர்க்க வந்த பேதுரு ஆகிய மூவரும் இறங்கினார்கள். அம்மையார் கொப்பிகளைத் தடவிப் பார்த்தார். ஒருவர் வாசித்தால் கேட்க ஆசையாக இருக்கிறது என்றார். முன்வரிசையில் இருந்த பரீனாவைக் கையால் காட்டினார்.

பரீனா எழும்பினாள். கொப்பியை விரித்தாள். அவளுடைய கண் எழுத்தில் எங்கும் தங்காமல் தாள் முழுவதும் அலைவதை றிஸ்மினா கண்டாள். வரவு இடாப்பில் பரீனாவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு முறையும் கமீலா கையெழுத்துப் போட்டதும், பரீனாவின் கையில் பேனையைத் தான் ஒருநாளும் காணாததும் அப்போதுதான் உறைத்தன.

ஆனால் பரீனா தொண்டையைச் செருமி வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

“இண்டைக்கு எங்கட மிஸ் வந்தா. செருப்பு வார் அறுந்து, சந்தியிலருந்து வெயில்ல இழுத்திழுத்து வந்திருக்கா. நான் ஒரு சட்டைப் பின் குடுத்தன். பிளேன்டீ குடுத்தன். அண்டைக்கு அவ ஒரு கேள்வியும் கேக்கல்ல. கதிரையில சாஞ்சு அப்பிடியே உறங்கிட்டா. எங்கட வீட்டுல ஒரு ஆள் பயமில்லாம உறங்கினது எனக்கு நல்லா இருந்துச்சு.”

சரியான இடத்தில் தாளையும் புரட்டினாள். றிஸ்மினா நிலத்தைப் பார்த்தாள். உறங்கியது உண்மை. வெட்கத்தில் அதை எந்தக் கொப்பியிலும் எழுதாமல் விட்டிருந்தாள்.

பேதுரு ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கு முன்னமே கமீலா எழும்பிவிட்டாள். “இண்டைக்குப் பவுசர் வந்துச்சு. சந்தோசம். இருந்த சட்டிபானை எல்லாத்துலயும் புடிச்சம். பத்தல்ல.” கொப்பியில் அந்தப் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சிதான் இருந்தது. அடுத்தவள், “இண்டைக்குப் பவுசர் வரல்ல. பக்கத்து வீட்டு ராத்தா ஒரு வாளி தந்தா. அல்லாஹ் அவக்கு பரக்கத் செய்யட்டும்” என்று வாசித்தாள். பிறகு யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வாளி, பீப்பாய், உப்புக் கிணறு, பவுசர் என்று கொப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. மிஹ்லாரின் புன்னகை முகத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாகப் பேசினார். பேதுரு தமிழில் சொன்னார்: “நீங்க எல்லாரும் மகிழ்ச்சிக்கு உவமையாத் தண்ணிய எடுத்த விதம் அவவத் தொட்டுட்டுதாம்.”

“உவமையெண்டா?” என்றாள் கமீலா.

பேதுரு கொஞ்சம் யோசித்தார். “உண்மையில தண்ணி இல்ல எண்டு அர்த்தம்.”

“அதத்தானே நாங்களும் சொல்றம். உண்மையில தண்ணி இல்ல.”

பேதுரு சிரிக்கவில்லை. வெளியே போய், படியோரம் கிடந்த ஒரு வெறும் பிளாஸ்டிக் கேனைத் தூக்கி வந்து அம்மையாரின் முன்னால் வைத்தார். இது உவமை இல்லை, இது கேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் றிஸ்மினாவுக்கும் விளங்கியது. அம்மையார் கேனைப் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். மிஹ்லார், “தேத்தண்ணி ஆறுது” என்று எல்லோரையும் எழுப்பினார்.

றிஸ்மினாவின் வேலை போகவில்லை. திட்டம் அமோக வெற்றி என்று அறிக்கை வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் பெரிய கொப்பியும் நிறப் பென்சிலும் அனுப்பப்படும் என்றிருந்தது. அறிக்கையின் கடைசித் தாளில், ‘மகிழ்ச்சி ஊக்கப் பொருட்கள்’ என்ற தலைப்பின் கீழ், ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று என்றும் ஒரு வரி இருந்தது. தாங்கி வந்த அன்று மிஹ்லார் அதன் மேல் பெரிய சூரியகாந்தி ஒன்றை ஒட்டுவித்து, மனம் மலர்வதைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். பவுசர் முன்போலவே வருகிற நாளில்தான் வந்தது. வந்தால் ஊற்றி வைக்க இப்போது ஒன்று இருந்தது.

பெரிய கொப்பியைக் கொடுக்கப் போன அன்று றிஸ்மினா பரீனாவின் வீட்டில் உட்கார்ந்தாள்.

“எழுத வாசிக்கத் தெரியாதெண்டு என்னட்ட சொல்லியிருக்கலாமே ராத்தா.”

“நீங்க கேக்கல்லையே.”

“இப்ப கேக்கிறன். பழகுவமா? கிழமைக்கு ஒரு நாள் வாறன்.”

பரீனா இடியப்ப உரலில் மாவை அடைத்துக்கொண்டே யோசித்தாள். “இந்த வேலைக்க அதுக்கு எங்க நேரம்? நீங்க எழுதுங்க, நான் வாசிக்கிறன். அண்டைக்கு நல்லாத்தானே வாசிச்சன்?”

றிஸ்மினாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணைத் துடைத்துவிட்டுக் கொப்பியை மடியில் விரித்தாள்.

“சரி, சொல்லுங்க. இண்டைக்கு என்ன?”

“இண்டைக்கா? மா இறுகிப்போச்சு. ஒரு இடியப்பமும் ஒழுங்கா வரல்ல. கை வேற நோகுது. அப்பிடியே எழுதுங்க.”

றிஸ்மினா அப்படியே எழுதினாள்.