பச்சை அடித்த தொட்டி

வலது முழங்கால் காலையிலிருந்தே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. மடக்கினால் ஒரு குத்து, நீட்டினால் ஒரு குத்து. ஃபிட்டர் வெளிக்கதவு அருகே கவிழ்ந்து கிடந்த கேபிள் உருளை மேல் உட்கார்ந்து தைலத்தை அழுத்தித் தேய்த்தார். பழைய துணியால் இறுக்கிக் கட்டினார். கொதிகலனின் மேல்தளத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. புதிதாக எண்ண வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் ஏறி இறங்கிய படிகள்தான்.

மின் நிலையத்தை மூடிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதை வெட்டி இரும்பாக விற்க ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேஸ் கட்டிங் ஆட்கள் ஆறு பேர் உள்ளே வருகிறார்கள். அதற்குள் யாராவது ஒருத்தர் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் பார்த்துப் பெயின்ட் அடித்து வைக்க வேண்டும். சிவப்பு என்றால் கிட்டே போகக் கூடாது. பச்சை என்றால் கேள்வி கேட்காமல் வேலையை ஆரம்பிக்கலாம். அந்த ஆறு பேருக்கும் ஃபிட்டர் யார், எவர் என்று தெரியாது. அவர் அடித்த பச்சையை நம்பித்தான் தலையை உள்ளே விடுவார்கள்.

"என்னண்ணே கால்ல கட்டு? அண்ணி அடிச்சிட்டாங்களா?"

சகலை வந்துவிட்டான். ஃபிட்டரின் மனைவிக்கு நேர் இளையவளைக் கட்டியவன். கேஸ் கட்டிங் ஆட்களுக்கு அவன்தான் தலைவன். நாளைக்கு ஆட்களை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ள இன்று கூடவே வருகிறான்.

"உங்க அண்ணி அடிக்கிறதா இருந்தா தலையிலதான் அடிப்பா. கால்ல அடிச்சா நான் வேலைக்குப் போக மாட்டேன்ல?"

"அதுவும் சரிதான். விவரமானவங்க."

இரண்டு பெயின்ட் டப்பாவையும் சாப்பாட்டுப் பையையும் சகலை எடுத்துக்கொண்டான். ஃபிட்டர் கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. கழுத்தில் உள்ளங்கை அளவுக்குக் காற்று மீட்டர். காற்றில் உயிர்வாயு எவ்வளவு இருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. குறைந்தால் கத்தும்.

டர்பைன் கூடத்தில் டர்பைன் இல்லை. அதை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அது உட்கார்ந்திருந்த கான்கிரீட் மேடைதான் பல் பிடுங்கிய ஈறு மாதிரி நின்றது. ஃபிட்டர் கம்பியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார். ணங், ணங், ணங். திடீரென்று டொப்.

"நில்லு."

தரையோடு தரையாக ஒரு தகரம். மேலே விரல் கனத்துக்குத் தூசி. கம்பியால் தள்ளினார். தகரம் நழுவி விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. கீழே தண்ணீரில் மோதும் சத்தம் வர நேரமானது.

"இங்க போட்டிருந்த இரும்புக் கிராதியைத் திருடிட்டுப் போனவன் வாட்ச்மேன் கண்ல படக் கூடாதுன்னு தகரத்தைப் போட்டு மூடிட்டான்" என்றார். "திருட்டுலயும் என்ன பொறுப்பு பாரு."

"நல்ல மனசுக்காரன்" என்று சகலை சிவப்பு டப்பாவைத் திறந்து கொடுத்தான்.

அந்த மாதிரி நாலு ஓட்டை. அப்புறம் பைப்புகள். சூடு வெளியேறாமல் இருக்க மேலே சுற்றியிருந்த பொதி கிழிந்து பழைய தலையணைப் பஞ்சு போலத் தொங்கியது. ஃபிட்டர் முகத்தில் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். சகலையும் ஏற்றிக்கொண்டான்.

"இது ஆஸ்பெஸ்டாஸ். இன்னைக்கு மூச்சுல போனா இன்னைக்கு ஒண்ணும் பண்ணாது. இருபது வருஷம் கழிச்சு வந்து கழுத்தைப் பிடிக்கும்."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க."

நிலக்கரி சேமிக்கும் பெரிய தொட்டியை மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாதி நிறைந்து, மேற்பரப்பு கெட்டித் தரையாகத் தெரிந்தது. நடந்து போகலாம் போல இருந்தது. ஃபிட்டர் ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டார். செங்கல் அந்தத் தரையை உடைத்துக்கொண்டு காணாமல் போனது. அடியில் கரி எப்போதோ சரிந்து வெறும் பொந்தாக இருந்தது. சுற்றுச்சுவர் முழுக்கச் சிவப்பு அடித்தார். வழியில் மூடிக் கிடந்த மற்ற தொட்டிகளைத் திறந்து, மீட்டரை உள்ளே காட்டிப் பார்த்த பிறகே பச்சை அடித்தார்.

கொதிகலனுக்கு அடியில், சாம்பல் வந்து விழும் கூம்பு வாய்கள் வரிசையாகத் தொங்கும் இடத்துக்கு வந்தபோது ஃபிட்டருக்குக் கிண்டல் பண்ண வாய் துறுதுறுத்தது.

"ஞாபகம் இருக்கா சகல? உன் இடம்."

சகலை சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஃபிட்டர்தான் அவனை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். எட்டாவது நாள் மூன்றாவது கூம்பில் சாம்பல் அடைத்துக்கொண்டது. உள்ளே நுழைந்து குத்திவிடச் சொன்னார்கள். சகலை வாயருகே போனான், பார்த்தான், கம்பியைக் கீழே போட்டான், கேட்டைத் தாண்டிப் போனான். திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் அவனுக்குப் பெயர் எட்டு நாள் மாப்பிள்ளை. அந்தக் கதையை ஃபிட்டர் மாதிரி யாரும் சொல்ல முடியாது. ரெண்டு ரெண்டு படியாகத் தாவியது, ஒத்தைச் செருப்பை விட்டுவிட்டு ஓடியது என்று நடித்தே காட்டுவார். செருப்பு அவர் சேர்த்தது. மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

"அந்தச் செருப்பு இங்கதான் எங்கயாவது கிடக்கும், தேடிப் பாரு" என்றார்.

"சாப்பிடலாமாண்ணே. மணி ஒண்ணு."

கூம்புகளுக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கழுத்தில் மீட்டர் கயிறு அறுத்ததால் ஃபிட்டர் அதைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டதும் கால் இன்னும் விறைத்துப் போனது. கைப்பிடியைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக, வலது காலை இழுத்து இழுத்து ஏறினார். சகலை பின்னாலேயே மெதுவாக வந்தான், அவசரப்படுத்தவில்லை. நூற்றுப் பன்னிரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் மீட்டர் கீழேயே இருப்பது ஃபிட்டருக்கு உறைத்தது. அதைச் சொன்னால் ஒருத்தர் இறங்க வேண்டும். இறங்குகிறேன் என்று சகலைதான் சொல்வான். 'உங்களால முடியாதுண்ணே' என்பான். சொல்லவில்லை.

மேலே கொதிகலனுக்குத் தண்ணீர் தேக்கி அனுப்பும் தொட்டி படுத்துக் கிடந்தது. லாரி நீளத்துக்கு உருளை வடிவ இரும்புத் தொட்டி. ஒரு முனையில் இடுப்பு உயரத்தில், ஆள் நுழையும் அளவுக்கு வட்டக் கதவு, சுற்றிலும் பதினாறு நட்டு. ஃபிட்டர் அதைக் கையால் தடவினார். பச்சை டப்பாவைத் திறந்து, கதவின் மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

"அண்ணே, மீட்டர் வைக்கலையே?"

"இதுக்கு எதுக்கு?"

"மத்ததுக்கெல்லாம் வச்சீங்க."

"மத்தது எவனெவனோ மூடுனது. இது நான் மூடுனது. கடைசி வாரம் நானே உள்ள இறங்கித் தேய்ச்சுக் கழுவித் துடைச்சேன். ஆறு மாசத்துல மறுபடி ஓட்டுவோம்னு சொன்னாங்க, அதனால புது வாஷர் போட்டு, ஒவ்வொரு நட்டுக்கும் கிரீஸ் தடவி மூடுனேன். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, கேஸ் கிடையாது. சோத்துப் பானை கூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"பதினோரு வருஷம் ஆச்சு."

"ஆனா என்ன? உள்ள என்ன குடியா இருக்கு?"

"நாளைக்கு என் ஆளு உள்ள போய் வெட்டணும்ணே. நான் கீழ போய் மீட்டரை எடுத்துட்டு வந்துடறேன்."

ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. "பயம் இன்னும் விடலையா உனக்கு? இரு, திறந்தே காட்டறேன்."

ஸ்பேனரைப் போட்டார். நட்டுகள் வழுக்கிக்கொண்டு சுற்றின. பதினோரு வருஷத்துக்கு முந்தைய கிரீஸ் இன்னும் வழுவழுவென்று இருந்தது. 'வேலைன்னா இது' என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை, முகம் சொன்னது. பதினாறையும் கழற்றி வரிசையாக வைத்தார். கதவு வரவில்லை. கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கதவோரம் கிடந்த தூசி உள்பக்கமாக ஓடியது. வெளியே ஊதவில்லை, தொட்டி மூச்சு இழுத்தது.

"அண்ணே, இது காத்தை இழுக்குது."

"காத்துப் புகாம மூடியிருக்கேன்னு அர்த்தம்."

சகலை பின்னால் வந்து ஃபிட்டரின் இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"என்னய்யா இது, குழந்தைக்கு நடை பழக்கற மாதிரி?"

"இருக்கட்டும்."

ஃபிட்டர் டார்ச்சை அடித்துத் தலையை விட்டார், தோளை விட்டார். உள்ளே ஒரு வாசனையும் இல்லை. சுவர் முழுக்க மெல்லிசாக, ஒரே சீராக, காவி பூசியது போலத் துரு. அடியில் குப்பை இல்லை, தண்ணீர் இல்லை. எவ்வளவு சுத்தம் என்று சொல்ல வாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அடுத்து அவருக்குத் தெரிந்தது கூரைத் தகரத்தில் ஒரு பொத்தல், அதன் வழியே வெளிச்சம். முதுகுக்குக் கீழே கிராதி. வயிற்றுத் தோல் எரிந்தது. சட்டை கிழிந்து மேலே ஏறியிருந்தது. சகலை பக்கத்தில் முழங்காலிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் இடது கை சரியாகத் தொங்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"டார்ச் விழுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீங்க மூட்டை மாதிரி ஆயிட்டீங்க."

"வழுக்கிருச்சா?"

"வழுக்கல. பேசாம படுங்க. கதவுப் பக்கம் உருண்டுடாதீங்க."

அவன் இறங்கிப் போனான். படியெல்லாம் அவன் காலடிச் சத்தம் கேட்டது. ஃபிட்டர் படுத்தபடியே விரல்களை மடக்கிப் பார்த்தார், எண்ணிப் பார்த்தார். தலைக்குள் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். சகலை மீட்டரோடு வந்தான். அதை ஒரு கம்பியின் நுனியில் கட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தொட்டிக்குள் நீட்டினான். அது உடனே கத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்து, ஃபிட்டர் கண்ணெதிரே காட்டினான்.

நாலு.

"சுத்தமான இரும்புதாண்ணே. நீங்க எண்ணெய், அழுக்கு ஒண்ணும் விடாம தேய்ச்சிருக்கீங்க, எங்கயோ கொஞ்சம் ஈரம் நின்னிருக்கு. வெறும் இரும்பு துருப்பிடிக்கக் காத்து வேணும்ல? நீங்க அடைச்சு வச்ச காத்தையே தின்னுருக்கு. நீங்க வேற காத்து உள்ள வராம அவ்வளவு நல்லா மூடியிருக்கீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னான். ஃபிட்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

"எப்படி இழுத்த? நான் எழுபத்தெட்டு கிலோ."

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இழுத்தேன். எட்டிப் பாத்திருந்தா நானும் உங்க மேலயே விழுந்திருப்பேன். இந்தத் தொழில்ல காப்பாத்தப் போனவன் செத்ததுதானே நிறைய."

ஃபிட்டர் எழுந்து உட்கார்ந்தார். பச்சை வட்டம் இன்னும் காயவில்லை. நாளை காலை ஏழு மணிக்கு முதல் ஆள் அதைப் பார்த்து உள்ளே போயிருப்பான். அவனைத் தூக்க இரண்டாவது ஆள். சிவப்பு டப்பாவை இழுத்து, பச்சை துளிகூடத் தெரியாதபடி கதவு முழுக்க அடித்தார். பாதி பெயின்ட் தரையில் போனது.

"அன்னைக்கும் இப்படித்தாண்ணே" என்றான் சகலை. தோளைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தான். "அந்தக் கூம்புல சாம்பல் மேல ஆறிக் கிடந்துச்சு. கம்பியை விட்டுத் தொட்டா நுனி சுட்டுச்சு. உள்ள கங்கு இருக்குன்னு சொன்னேன். நீங்க, ஒண்ணும் ஆகாது, நுழைன்னு சொன்னீங்க."

ஃபிட்டர் பெயின்ட் டப்பாவை மூடினார். அதற்கடுத்த மாதம் அதே கூம்பில் நுழைந்த ஹெல்பருக்குச் சாம்பல் சரிந்து இடுப்பு வரைக்கும் வெந்துபோனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஃபிட்டரும் ஒருத்தர். மாமனார் வீட்டில் சொல்லும் கதையில் அந்த ஹெல்பர் வந்ததே இல்லை. உள்ளே போகச் சொன்னது யார் என்பதும் வந்ததில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான் சகலை. "என் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். வர்றவங்க முன்னாடி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவளுக்கு ஒரு மாதிரி இருக்கு. நீங்க ஒரு தடவை எல்லாரும் இருக்கும்போது நடந்ததைச் சொல்லிட்டீங்கன்னா போதும்."

"சொல்றேன்."

"சிரிக்கச் சிரிக்கக் கூடச் சொல்லுங்க. ஆனா சொல்லுங்க."

"சொல்றேன்யா."

இறங்கும்போது சகலை நல்ல கையைக் கொடுத்தான். ஃபிட்டர் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு பேரையும் கேட்டருகே நிறுத்தி ஃபிட்டரே பேசினார். மேல் தொட்டிக்கு நேற்று முதலில் பச்சை அடித்தது நான்தான், அது தப்பு, அதற்குள் போனது நான், வெளியே இழுத்தது உங்கள் தலைவன் என்றார். மீட்டர் வைக்காமல் யார் பச்சை அடித்தாலும், அது நானாகவே இருந்தாலும், நம்பாதீர்கள் என்றார். தயங்கவில்லை. தெரியாத ஆறு பேர் முன்னால் அது சுலபமாகத்தான் இருந்தது. தோளில் கட்டோடு நின்ற சகலை தலையைக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அக்கா தங்கை இருவரும் சமையலறையில் இருந்தார்கள். கூடத்தில் மாமனார், மாமியார், இரண்டு மச்சான்கள், சகலையின் மகள். சகலை கட்டோடு உள்ளே வந்ததும் பெரிய மச்சான் ஆரம்பித்தான்.

"வாங்க எட்டு நாள் மாப்பிள்ளை! இந்தத் தடவை எங்கேர்ந்து குதிச்சு ஓடுனீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மகள் எழுந்து உள்ளே போனாள். மாமியார் ஃபிட்டர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்றார். சகலை ஃபிட்டரைப் பார்த்தான். ஃபிட்டர் வாயைத் திறந்தார். கூடமே காது கொடுத்துக் காத்திருந்தது.

"முதல்ல சாப்பிட்டுடலாம்" என்றார்.

சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். சாயங்காலம் அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது சகலை, "காலைப் பாத்துக்கோங்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கு உள்ளே போகச் சொன்னவர் ஃபிட்டர், போகாமல் இருந்ததுதான் சரி, அவன் பயந்து ஓடவில்லை. இதை அந்தக் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்வதுதான் ஃபிட்டர் சகலைக்குத் தீர்க்க வேண்டிய கடன். அதை அவர் இன்னும் தீர்க்கவில்லை.