நாற்றுப் பாத்தியைச் சுற்றி

எறும்பு வரிசை குறுக்கே போனால்கூட ஒதுங்கிப் போகிற மனிதர் அவர். அதனால் 'சுற்றுவழிக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது. கேலிப் பெயர்தான், அவர் கோபித்துக்கொண்டதில்லை. இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், கண் மங்கிய மனைவி, மேட்டில் தொடங்கும் காடு. அவருடைய உலகம் அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து மூட்டைகள் எல்லாம் காப்பி விவசாயிகள் சங்கக் கிடங்கில் அடுக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லாரி. புதன்கிழமை சங்கச் செயலாளரம்மா அவரை அழைத்து, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு தோட்டங்கள் பச்சை நிறத்தில் இருந்தன. ஒன்று மட்டும் சிவப்பு.

"இது யாருதும்மா?"

"உங்களுதுதான் ஐயா."

கடல் தாண்டிக் காப்பி வாங்கும் நாட்டில் புதுச் சட்டம் வந்திருந்தது. காட்டை அழித்த நிலத்தில் விளைந்தது அங்கே நுழையக் கூடாது. எந்த மூட்டை எந்த நிலத்தில் விளைந்தது என்று வாங்குகிற கம்பெனி வரைபடம் காட்ட வேண்டும். நல்ல சட்டம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அந்தக் காட்டின் நிழலில்தானே அவருடைய செடிகள் பிழைத்தன.

"உங்க எல்லைக்கோடு காட்டுக்குள்ள நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அந்த இடத்துல மரத்தைக் காணோம்."

"அது போன மழையில காத்து சாய்ச்ச மரம்மா. அதுவுமில்லாம, அது நம்ம நிலமே இல்லையே."

"எனக்குத் தெரியுது. வானத்துலேருந்து படம் எடுக்கிற கண்ணுக்குக் காத்து சாய்ச்சதும் கோடாலி சாய்ச்சதும் ஒண்ணுதான் ஐயா. கோடு எப்படி அங்க போச்சு? எல்லையிலதானே நடந்தீங்க?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நிலம் அளக்க ஒரு பெண் வந்திருந்தாள். சரிவில் அவளுக்குக் கால் பிசகிவிட்டது. வலியோடு ஏற வேண்டாம் என்று அவள் கையிலிருந்த அளக்கிற செல்போனை அவரே வாங்கிக்கொண்டார். "எல்லை ஓரமா ஒரு சுத்து வந்துடுங்க, அது போதும்" என்றாள். அந்தப் போன் செடிகளை எண்ணுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். தளும்பும் பாத்திரத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்தி நடந்தார். மேல் மூலையில், எல்லை மேலேயே, பக்கத்துத் தோட்டக்காரனின் நாற்றுப் பாத்தி. விதை ஓட்டைத் தொப்பி மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு அன்றுதான் முளைகள் எழுந்து நின்றன. அதற்கு முந்தின வருடம் அவனுடைய நாற்றெல்லாம் அழுகிப் போயிருந்தது. மிதிக்க மனம் வரவில்லை. காட்டுக்குள் புகுந்து நாற்பதடி சுற்றிக்கொண்டு வந்தார். கால் போகிற தடம்தான் வரைபடத்தில் நில எல்லையாகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துத் தோட்டக்காரனே சங்கக் குழு உறுப்பினனாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, காட்டுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை? தேன் எடுக்கப் போனீங்களா?"

மற்ற உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார். சிரிப்புக்கு அடியில் அவன் முகத்தில் பயம் இருந்தது. அவன் மூட்டைகளும் அதே லாரிக்குத்தான் காத்திருந்தன.

"கால் போன போக்குல போயிட்டேன் தம்பி."

செயலாளரம்மா தொண்டையைச் செருமினார். "மறுபடி அளந்து அனுப்பலாம் ஐயா. அவங்க சரிபார்த்துச் சொல்ல மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த மூட்டைங்க பச்சை மூட்டைங்களோட இருக்கக் கூடாது. இருந்தா மொத்தச் சரக்கும் நிக்கும். உங்களை விலக்கறேன்னு எழுத எனக்குக் கை வரலை."

"நீங்க எழுத வேணாம்மா. நானே எடுத்துக்கறேன்."

அவருடைய பதினோரு மூட்டைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி எப்போதும் நீல நூலால்தான் வாய் தைப்பாள். அடுக்கின் அடியில் கிடந்தவற்றை உருவி எடுக்க நாலு பேர் கை கொடுத்தார்கள்.

வீட்டில் அவர் நடந்ததைச் சொல்ல, மனைவி மூட்டைகளைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு கொட்டையையும் விரல் நுனியால் உருட்டி, சொத்தையைக் கண்டுபிடித்துத் தள்ளியவள் அவள். இந்தத் தடவை முதல் தரம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

"அவன் நாத்துக்காகத்தான் சுத்திப் போனேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவன் அந்தச் செடியைப் பாக்கற போதெல்லாம் மனசு குத்தும்."

"அப்ப எனக்குக் குத்தலாமா?"

பிறருக்குச் செய்கிற தர்மத்தில் வீட்டிலிருப்பவளைக் கேட்காமலே பாதியை அவளிடமிருந்து எடுத்துவிடுகிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் நகரவில்லை.

மூன்று மாதம் வீட்டில் வைத்தால் மழை ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். சனிக்கிழமை உள்ளூர் வியாபாரி வண்டியோடு வந்தான். சாக்கைப் பிரித்து, வண்டியில் ஏற்கெனவே கிடந்த கறுப்பும் உடைசலுமான குவியல் மேலேயே கொட்டினான்.

"கலக்காதீங்க தம்பி, இது பொறுக்கினது" என்றாள் அவள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. அரைச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் அவிழ்த்த நீல நூலை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டாள். பதினோரு மூட்டை நூல்.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டக்காரன் கூடையைச் சுமந்துகொண்டு வந்தான். ஈரமண்ணோடு பெயர்த்த இருபது காப்பி நாற்றுகள், சாண் உயரம், இலை பளபளத்தது.

"அன்னைக்குக் கிண்டல் பண்ணிட்டேண்ணே. மனசு கேக்கலை. எங்களுக்காக நீங்க ஒதுங்கிட்டீங்க. இதையாவது வச்சுக்கோங்க."

"நல்லா வந்திருக்கே தம்பி."

"இந்த வருஷம் ஒண்ணுகூடச் சாயலை அண்ணே. நிலம் அளந்தப்பவே பயந்தேன், மிதிச்சிடுவாங்களோன்னு. போய்ப் பாத்தா ஒரு முளைக்குக்கூடச் சேதமில்லை. கடவுள்தான் காப்பாத்தினாரு."

உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. மனைவி வாசலுக்கு வந்தாள். கூடைக்கு அருகே குனிந்து, ஒரு நாற்றின் தளிரை விரல் நுனியால் தடவினாள், கொட்டை பொறுக்குகிறவளைப் போல.

"ஆமாப்பா" என்றாள். "அவர்தான் காப்பாத்தினாரு."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்றுக்குத் தெளிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை.