பூட்டிய கேட்டிலிருந்து ஒரு நன்றியுரை

எங்கள் கல்லூரியில் ‘அமைதியும் சமூக நீதியும்’ என்ற பொதுச் சொற்பொழிவை மாலை ஆறரைக்கு வைத்தார்கள். பெண்கள் விடுதியின் கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். இரண்டு நேரத்தையும் முடிவு செய்தவர் ஒரே முதல்வர்தான். ஆறு பெரிதா ஆறரை பெரிதா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் கணித ஆசிரியர்.

இதில் மாட்டிக்கொண்டவள் என் அக்கா. நாங்கள் இரட்டையர்கள். அவள் சில நிமிடம் முந்திப் பிறந்தவள். அதை வைத்தே இத்தனை வருடமாக என்னை ஆட்டிப்படைக்கிறாள். பேச்சுப் போட்டியில் ஜெயித்ததால் நன்றியுரை அவளுக்குத்தான் என்று அறிவித்திருந்தார்கள். அந்த மேடையில் ஏறிப் பேசாமல் விடுவதில்லை என்று இருந்தாள். அனுமதி கேட்டு முதல்வரிடம் போனாள்.

“வார்டன் சரின்னா எனக்கும் சரிம்மா.”

வார்டனிடம் போனாள்.

“முதல்வர் சொல்லட்டும். நடுவுல நான் யாரு?”

இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இவ்வளவு மரியாதை இருப்பது அன்றுதான் வெளியே தெரிந்தது. ஆறு மணிக்குக் கேட் பூட்டப்பட்டது. அக்கா உள்ளே.

அரங்கில் மைக் செட் என் பொறுப்பு. வீட்டிலிருந்து வந்து படிக்கும் பெண்களை ஐந்து மணிப் பேருந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஆகவே சமூக நீதியைக் கேட்க உட்கார்ந்திருந்த மாணவர்கள் எல்லோரும் மீசை வைத்தவர்கள், அல்லது வைக்க முயன்றுகொண்டிருந்தவர்கள். பேச வந்த வக்கீல் அம்மா, தொழிலாளர் வழக்குகளில் பெரிய பெரிய முதலாளிகளுக்குத் தண்ணி காட்டியவர். அவர் இதை ஆண்கள் கல்லூரி என்றே நினைத்துவிட்டார். “தம்பிகளா, தம்பிகளா” என்று அருமையாகப் பேசினார். கடைசியில், “இந்தக் காலேஜ்ல பொண்ணுங்களையும் சேர்த்தா எவ்வளவு நல்லா இருக்கும்!” என்றார். முதல் ஆளாகக் கைதட்டியவர் முதல்வர்.

அப்போது என் போன் அதிர்ந்தது.

“டேய், முடிஞ்சிடுச்சா? போனை மைக்குக்கிட்ட பிடி.”

“விளையாடாத அக்கா. காலேஜை விட்டே துரத்திடுவாங்க.”

“ஆமா, நீ இங்க படிச்சுக் கிழிச்சிட்ட. பிடிடா!”

முதல்வர், “நன்றியுரையை நானே...” என்று எழுவதற்குள் பிடித்துவிட்டேன்.

“எல்லாருக்கும் வணக்கம்!” அரங்கம் முழுக்க அக்கா. “நன்றியுரை சொல்ல வேண்டியவள் விடுதி கேட்டுக்குள்ளிருந்து பேசுகிறேன். சிறப்புப் பேச்சாளருக்கு நன்றி. நீங்கள் பேசியதில் ஒரு வார்த்தையும் எங்கள் காதில் விழவில்லை, நன்றாகத்தான் பேசியிருப்பீர்கள். தலைமை தாங்கிய முதல்வருக்கு நன்றி. எங்களைப் பூட்டிவைத்து அமைதியை நிலைநாட்டிய வார்டனுக்கும் நன்றி.”

தம்பிகள் பெஞ்சைத் தட்டிய தட்டில் கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. வக்கீல் அம்மா முதல்வர் பக்கம் திரும்பினார்.

“இங்க பொண்ணுங்க படிக்கிறாங்களா?”

“படிக்கிறாங்க மேடம். பாதுகாப்பா இருக்காங்க.”

“பூட்டியா?”

முதல்வர் மின்விசிறியை ஆராய்ந்தார். வக்கீல் அம்மா செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நடந்தார். பின்னால் முதல்வர், அவர் பின்னால் பேராசிரியர்கள், அவர்கள் பின்னால் நாங்கள். கூட்டம் முடிவதற்குள் நழுவுகிற பையன்கள்கூட அன்று நழுவாமல் வந்தார்கள்.

கேட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் அக்கா, கையில் போன். வெளியே வார்டன், கையில் சாவி.

“திறங்கம்மா,” என்றார் வக்கீல்.

“முதல்வர் சொல்லணும்ங்க.”

“வார்டனுக்குச் சரின்னா...” என்று முதல்வர் ஆரம்பித்தார்.

“உங்க ரெண்டு பேருக்குள்ள சமாதானம் பேசணும்னா நான் இன்னொரு நாள் வரேன் சார். இப்ப கேட்டைத் திறங்க.”

உள்ளேயும் வெளியேயும் ஒரே சிரிப்பு. முதல்வர் வாய்விட்டுச் சொன்னார்: “திறங்க.”

பெண்கள் அரங்கத்துக்கு நடந்து வந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். கொடி மட்டும்தான் இல்லை. தம்பிகள் எழுந்து இடம் கொடுத்துச் சுவரோரம் போய் நின்றார்கள். வக்கீல் அம்மா சலிக்காமல் முதலிலிருந்து பேசினார். இந்த முறை வார்த்தைக்கு வார்த்தை “பொண்ணுங்களா” வந்தது.

பிறகு அக்கா மேடையேறினாள். முறைப்படி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. கடைசியில் முதல்வரைப் பார்த்து, “சார், நாளையிலிருந்து கேட் எத்தனை மணிக்கு?” என்று கேட்டு மைக்கை நீட்டினாள்.

முதல்வர் வார்டனைப் பார்த்தார். வார்டன் முதல்வரைப் பார்த்தார். அரங்கம் இருவரையும் பார்த்தது.

“ஒன்பது,” என்றார் முதல்வர். “எல்லா நாளும்.”

எழுந்த ஆரவாரத்தில் ஸ்பீக்கர்கள் கீச்சென்று அலறின. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி முதல்வர் எனக்குச் சைகை காட்டினார். நான் கூட்டினேன்.