கூட யாரும் வரல

இந்த உலகத்தில் தன்னளவுக்கு நன்றாகச் சாகத் தெரிந்தவன் எவனும் இல்லை என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. மாரடைப்பில் செத்திருக்கிறான், விபத்தில் செத்திருக்கிறான், ஆள் பற்றாக்குறை நாளொன்றில் பிரசவத்திலும் செத்திருக்கிறான். மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்து, அந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கும் ரப்பர் பொம்மைக்குக் குரல் கொடுப்பது அவன் உத்தியோகம். நர்சுகள் அதை நிஜ நோயாளியாகவே நினைத்துக் காப்பாற்றிப் பழகவேண்டும். அவனுக்கு அங்கே ஆவி என்று பெயர். "ஆவி, ஆரம்பிக்கலாமா?" என்று இன்டர்காமில் கேட்பார்கள், அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமும்.

அவனுக்குச் சிரிப்பு மூட்டியது புதிதாக வந்த நர்ஸ். மற்றவர்கள் ஊசியைக் குத்திவிட்டு நகர்வார்கள். இவளோ பொம்மையின் கையைத் தடவி, "அண்ணே, லேசா சுருக்குன்னு இருக்கும், பொறுத்துக்குங்க" என்பாள். போர்வை விலகினால் இழுத்துவிடுவாள்.

"விட்டா மடியில போட்டுத் தாலாட்டும் போல" என்று மைக்கை அணைத்துவிட்டு ஆவி தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பான்.

அன்று அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஏற்கெனவே இரண்டு தடவை பொம்மையைச் சாகடித்திருந்தாள். இன்றும் செத்தால் அவசரப் பிரிவில் இடமில்லை என்று பயிற்சி தரும் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைய பயிற்சியின் கதைப்படி நோயாளிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அது அவனுக்கே தெரியாது, மனைவிக்குத்தான் தெரியும். மனைவி வேடம் போட்ட கணக்குப் பிரிவு அம்மா வெளியே பெஞ்சில் தயாராக இருந்தார். "பொண்டாட்டி வெளிய இருக்கா." ஆவிக்கு அந்த ஒரே வரிதான் வசனம்.

அவள் பொம்மையின் காதருகே குனிந்தாள். வழக்கமாக எல்லோரும் "அட்டெண்டர் யாரு?" என்று அதட்டுவார்கள்.

"அண்ணே, கூட யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் வரலம்மா." ஆவிக்கு வாய் முந்திக்கொண்டது.

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "அதனால என்ன, நான் இருக்கேன்ல?" என்று தோளைத் தட்டிவிட்டு அந்த மருந்தையே ஏற்றினாள். கணினி தன் கடமையைச் செய்தது. திரையில் கோடு நேரானது. வெளியே இருந்த மனைவி கதவைத் திறந்து, "நான் இப்ப அழணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

அடுத்த அறையில் ஊமைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா வேகமாக வந்தார். "சொந்தக்காரங்களைக் கேக்கணும்னு தோணவே இல்லையா உனக்கு?"

"கேட்டேன் மேடம். யாரும் வரலைன்னு சொன்னாங்க."

"பொம்மை அப்படிச் சொல்லாது."

"சொன்னேன் மேடம்" என்றது செத்த பொம்மை.

மூவரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பு என்னோடது. வசனத்த மாத்திச் சொல்லிட்டேன்."

"இருக்கறதே ஒரு வரி. அதை எப்படிய்யா மாத்துவ?"

மைக் இரைந்துகொண்டிருந்தது.

"சரி, நாளைக்கு இன்னொரு தடவை வாம்மா. குரலுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது பொம்மையின் பக்கம் திரும்பி, "ரொம்ப தேங்ஸ்ண்ணே" என்றாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பொம்மையைத் துடைத்து அடுக்குவதற்காக ஆவி உள்ளே வந்தான். மறுநாளைக்குச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பொம்மையின் மூச்சைப் போட்டுவிட்டிருந்தான். ரப்பர் மார்பு சீராக ஏறி இறங்கியது. கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் நிமிண்டியவன், கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"லேசா இழுக்கும்ணே" என்றான் மெதுவாக.