எப்படி இருக்கே என்று கேட்டவன்

பில்லியர்ட்ஸ் கோலின் தடித்த முனை வாயில் விழுந்தபோது, அர்மாஸ் கையிலிருந்த கத்தி மாட்டுக்கறி பஃப்பை நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டும் உடைந்து நாக்கின் மேல் கூழாங்கல் போல உருண்டன. என்ன ஏது என்று புரிவதற்குள் அடுத்த அடி காதில். முக்காலியோடு சரிந்து, பீர் சிந்திக் கிடந்த தரையில் குப்புற விழுந்தான்.

"கத்திய உருவிட்டான்டா. பாத்தீங்கல்ல, கத்திய உருவிட்டான்," என்று மேலே உள்ளூர்க்காரன் க்ளாரி டூலனின் குரல் கேட்டது. அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பயந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். கத்தி பிடித்த கையை மிதித்தான். விரல் எலும்பு முறியும் சத்தம் அர்மாஸுக்கே கேட்டது.

அடுத்த மேசையிலிருந்து சூலோ ஓடிவந்தான். அர்மாஸும் அவனும் ஃபின்லாந்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள், இந்தச் செம்மண் ஊரின் செம்புச் சுரங்கத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெறுங்கையோடுதான் குறுக்கே பாய்ந்தான். பதற்றத்தில் ஃபின்னிஷ் மொழியிலேயே ஏதோ சொன்னான். க்ளாரி திரும்பினான். அவன் கையில் கோல் பாதியாக உடைந்து கூராக இருந்தது. குத்துவதற்காகத் திரும்பினானா, திரும்பியதில் குத்திவிட்டதா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். சூலோவின் இடது கண்ணில் அது இறங்கியது.

அதன் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. பாட்டில்கள் உடைந்தன. ஒருவன் காது பாதி கிழிந்து தொங்கியது. ஃபின்லாந்துக்காரன் ஒருவன் சுவர்க் கண்ணாடிக்குள் தலைகீழாகப் போய் விழுந்தான். போலீஸ் சார்ஜென்ட் வந்து இரு தரப்பையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ரத்தம் சரிக்குச் சரியா கொட்டியாச்சு. வீட்டுக்குப் போங்க," என்றார். சரிக்குச் சரி இல்லை. சூலோ ஒரு கண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அர்மாஸ் விசித்திரமான ஆள்தான். அவன் நாட்டுக்காரர்களே சொல்வார்கள். கொளுத்தும் வெயிலிலும் கொதிக்கக் கொதிக்கக் கறுப்புக் காப்பிதான் குடிப்பான், சர்க்கரைக் கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு. இந்த ஊர் வெள்ளை ரொட்டியைப் பஞ்சு என்பான். கம்பு ரொட்டி போலக் கறுத்துக் கெட்டியாக இருந்தால்தான் அவனுக்கு ரொட்டி. உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயை ஊரிலிருந்து யாராவது அனுப்பினால் அன்றைக்குப் பண்டிகை. யாரும் தொட்டால் பிடிக்காது. மதுக்கடையில் தனக்கும் அடுத்தவனுக்கும் நடுவே எப்போதும் ஒரு முக்காலியைக் காலியாக விட்டுத்தான் உட்காருவான். சும்மா பேசுவது என்றால் அவனுக்கு வயிற்றுவலி வந்ததுபோல் முகம் சுருங்கும்.

எல்லாவற்றையும்விட அவனைப் படுத்தியது ஒரு கேள்வி. தினமும் காலையில் சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் ஏறும்போது க்ளாரி, "எப்படி இருக்கே, ஃபின்னு?" என்பான். அந்த ஊரில் அது கேள்வியே இல்லை, தும்மல் மாதிரி. ஆனால் அர்மாஸுக்குக் கேட்டால் யோசிக்க வேண்டும். யோசித்து, கூண்டு அடியில் போய் நிற்கும் நேரத்தில், "வலது முட்டி வலிக்குது. அம்மா கனவுல வந்தாங்க. மத்தபடி பரவாயில்ல," என்பான். அதற்குள் க்ளாரி விளக்கை ஆட்டிக்கொண்டு எங்கோ போயிருப்பான். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"கேட்டுட்டு ஏன் போயிடறான்?" என்று சூலோவிடம் கேட்டிருக்கிறான்.

"அவன் பதிலுக்காகக் கேக்கலடா, மரமண்டை. நீயும் எப்படி இருக்கேன்னு திருப்பிக் கேட்டுட்டுப் போ."

"தெரிஞ்சுக்க வேண்டாம்னா கேப்பானேன்?"

சண்டை மூண்ட அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். நல்ல போதையிலிருந்த க்ளாரி காலி முக்காலியில் வந்து உட்கார்ந்தான். அர்மாஸின் தோளில் கை போட்டான். "நீ சாப்பிடவே மாட்டியா, ஃபின்னு? இந்தா," என்று தன் பஃப்பை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கூட்டாளிகள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தான். தோளில் கை அர்மாஸுக்குப் பிடிக்கவில்லை. பஃப்பும் பிடிக்காது. ஆனாலும் ஒருவன் தன் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறான். மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது முறையில்லை. பாதி எனக்கு, பாதி உனக்கு. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தான். ஃபின்லாந்தில் ரொட்டிக்கும் மீனுக்கும் விறகுக்கும் அந்த ஒரு கத்திதான், எவனும் அதில்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். சிரித்து முடித்துத் திரும்பிய க்ளாரியின் கண்ணில் பட்டது கத்தி மட்டும்தான்.

சூலோ ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று அர்மாஸ் பக்கத்தில் நின்றான். கண் இருந்த குழியைப் பார்த்தான். சூலோ கேலி பேசுகிறவன். அன்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அவன் கண்ண எடுத்துட்டு வரேன்," என்றான் அர்மாஸ். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது வந்ததுதான். சூலோ வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர்கள் தங்கியிருந்த விடுதியை நடத்தியவள் லெம்பி, சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். அடுப்பில் பானை ஏற்றும்போதெல்லாம் உதட்டுக்குள் ஜெபம் ஓடும். காய்ந்த ஆற்றங்கரையில், பழைய ரயில் கட்டைகளை அடுக்கி ஆண்கள் கட்டிய சவுனா என்னும் ஆவிக் குளியலறைக்கும் அவள்தான் அதிகாரி. வெளியே உடம்பு வேகும் ஊரில், கல்லைக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து இன்னும் வேக வேண்டுமா என்று ஊர் சிரிக்கும். அவர்கள் சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்தார்கள், தைலமரக் கிளையால் முதுகில் அடித்துக்கொண்டார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. சவுனாவுக்குள் கோயிலில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். சண்டை, வசவு, பழைய பகை எதுவும் வாசல் தாண்டக் கூடாது. கத்திகள் வெளி ஆணியில் தொங்கும்.

"உன் கத்தி எங்கடா?" என்று கேட்டாள் லெம்பி, கோடாலியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தவனிடம்.

"மதுக்கடையில விழுந்தது. போச்சு."

"அதுக்குக் கோடாலியா? விறகு எல்லாம் நேத்தே பொளந்தாச்சே."

அர்மாஸ் கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டான்.

"நாலு வார்த்தை பேசினா நாக்கு தேஞ்சிடுமா உனக்கு? கேளு. ஒரு கண்ணு போனது போதும். இன்னொரு கண்ண கொண்டு வந்தா அத சூலோ முகத்துல ஒட்டவா போறே?"

"சொல்லிட்டேன் லெம்பியக்கா."

"யார்கிட்ட சொன்னே? கடவுள்கிட்டயா?"

சாணைக்கல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டி கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள். அன்றே சொல்லியிருந்தால் என்று பிறகு அவள் பலமுறை அழுதிருக்கிறாள்.

சூலோ வீடு திரும்பிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை. பொழுது சாயும் நேரம். சவுனாவின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழுந்தது. சூலோ உள்ளே மேல் பலகையில் இருந்தான். அர்மாஸ் போகவில்லை. ஆற்று மணலின் வழியாகத்தான் க்ளாரி தினமும் வீட்டுக்குப் போவான். விறகுக் குவியலுக்குப் பின்னால் கோடாலியோடு உட்கார்ந்தான். மிதிபட்ட கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

க்ளாரி வந்தான். ஆனால் வீட்டுப் பக்கம் போகவில்லை. மணலிலிருந்து ஏறி நேராகச் சவுனாவை நோக்கி வந்தான். ஒரு கையில் காகிதப் பை. மறு கையில் அர்மாஸின் கத்தி, கூர்முனை முன்னால் நீட்டியபடி.

சூலோவைத் தேடித்தான் வருகிறான், மீதிக் கண்ணுக்கு. அர்மாஸுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எந்த ஃபின்லாந்துக்காரனும் கத்தியைக் கொடுக்கப் போகும்போது கைப்பிடியைத்தான் முன்னால் நீட்டுவான்.

எழுந்து கோடாலியின் பின்புறத்தால் கத்தி பிடித்த கையை அடித்தான். காய்ந்த கிளை ஒடிவது போன்ற சத்தம். க்ளாரியின் முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது. அலறிக்கொண்டே அவன் தலையால் முட்டினான். இருவரும் மணலில் உருண்டார்கள். க்ளாரி நல்ல கையால் அர்மாஸின் புண்ணாறாத வாயைப் பிடித்துக் கிழித்தான். அர்மாஸ் கோடாலியைக் கைவிட்டு, முஷ்டியால் மூக்கில் குத்தினான், மூக்கு நசுங்கிய பிறகும் குத்தினான். ஒடிந்த கையின் மேல் முட்டியை ஊன்றினான். க்ளாரியின் குரல் ஒரு கணம் நின்றேபோனது. மணலில் கிடந்த தன் கத்தியை எடுத்து அவன் இடது கண்ணுக்குக் கீழே வைத்தான். தோல் கிழிந்து ரத்தம் காதுக்குள் ஓடியது.

"பை," என்றான் க்ளாரி. வாய் முழுக்க ரத்தம். "பையப் பாரு."

அர்மாஸ் பார்க்கவில்லை. கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

"ஃபின்னு. பையில பாரு. அப்புறம் செய்."

காகிதப் பை கிழிந்து கிடந்தது. மணலில் ஒரு மாட்டுக்கறி பஃப். விழுந்ததால் உடைந்ததல்ல. நடுவில் நேராக, சுத்தமாக இரண்டாக வெட்டியிருந்தது. கத்தியைத் திருப்பிப் பார்த்தான். அலகில் பஃப்பின் துகள் ஒட்டியிருந்தது.

சூலோவிடம் சொன்ன வார்த்தையை அர்மாஸால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கத்தி அந்தக் கண்ணுக்குக் கீழேயே வெகுநேரம் இருந்தது. பிறகு அதை எடுத்தான்.

லெம்பி வாளியோடு ஓடி வந்தாள். பார்த்ததும் வாளி கைநழுவியது.

"நான்தான்டா அவன வரச் சொன்னேன்," என்றாள். "கறிக்கடையில என்னப் பாத்துப் பேசினான். மதுக்கடைக்காரன் சொல்லித்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, நீ பஃப்பத்தான் வெட்டப் போனேன்னு. கத்திய எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னான். சனிக்கிழமை சவுனாவுக்கு வா, உள்ள யாரும் கை ஓங்க மாட்டாங்கன்னேன். உள்ளதான்டா நினைச்சேன். வாசலுக்கு வெளிய எனக்குத் தோணவே இல்ல."

விறகுத் துண்டு இரண்டையும் தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியையும் வைத்து அவள் ஒடிந்த கையைக் கட்டினாள். கட்டும்போது உதடு ஜெபித்தது. லாரி கொண்டுவர ஆள் அனுப்பினாள்.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவே?" என்று க்ளாரியைக் கேட்டாள்.

"குதிரையிலேர்ந்து விழுந்தேன்னு."

"உன்கிட்ட ஏதுடா குதிரை?"

"அதான் விழுந்துட்டேனே. ஓடிப்போச்சு." சிரிக்கப் பார்த்தான், மூக்கு விடவில்லை.

"உள்ள கூட்டிட்டுப் போ," என்றாள் அர்மாஸிடம். "ரத்தத்தக் கழுவு. அடிச்ச கையாலயே கழுவு."

அர்மாஸ் கத்தியை ஆணியில் மாட்டினான். க்ளாரியைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய், சூடு குறைந்த கீழ்ப் பலகையில் உட்கார வைத்தான். துணியை நனைத்து முகத்தைத் துடைத்தான். அவன் தொட்டபோதெல்லாம் க்ளாரி உடம்பைச் சுருக்கினான்.

மேல் பலகையில் சூலோ. வெளியே நடந்தது அத்தனையும் அவனுக்குக் கேட்டிருந்தது. ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்தான். அகப்பையை எடுத்தான். கல்லின் மேல் ஊற்றும் பச்சைத் தண்ணீர் வாளிக்குள் விடாமல், அடுப்போரம் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்குள் விட்டான். நிரம்பிய அகப்பை க்ளாரியின் தலைக்கு நேரே வந்து நின்றது. அர்மாஸ் பார்த்தான். தடுக்கவில்லை. தடுக்க அவனுக்கு என்ன வாய் இருக்கிறது? கடவுளே என்று மட்டும் மனதுக்குள் சொன்னான்.

க்ளாரி நிமிர்ந்தான். எத்தனையோ வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்தது.

"எப்படி இருக்கே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. கட்டுப் பிரித்த அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தான்.

சூலோ யோசித்தான். அடுப்பில் விறகு வெடித்தது. அகப்பையிலிருந்து ஒரு சொட்டு க்ளாரியின் தோளில் விழுந்து தோல் சிவந்தது. அவன் அசையவில்லை.

"இந்தப் பக்கம் எதுவுமே இல்ல," என்றான் சூலோ கடைசியில். "இருட்டுன்னுகூடச் சொல்ல முடியாது. காப்பி ஊத்தினா கோப்பைக்கு வெளிய போகுது. நேத்துப் படியில விழுந்தேன். படுத்தா உள்ள எரியுது. உன்னக் கொல்லணும்னு இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் யோசிக்கணும்."

"யோசி," என்றான் க்ளாரி. "நான் இருக்கேன்."

அகப்பை அவன் தலையைத் தாண்டிப் போய்க் கற்களின் மேல் கவிழ்ந்தது. ஆவி சீறிக்கொண்டு எழுந்து மூவரையும் மூடியது. அந்தச் சூட்டில் க்ளாரிக்குத் தலை சுற்றி உடம்பு சாய்ந்தது. அவன் விழுந்துவிடக் கூடாதே என்று அர்மாஸ் பக்கத்தில் உட்கார்ந்தான், நடுவில் இடம் விடாமல், தோளோடு தோள் ஒட்டி. லாரிச் சத்தம் கேட்கும்வரை அப்படியே இருந்தான். மேலே சூலோ மெதுவாக, ஒவ்வொன்றாக, இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.