கண் வைத்த குதிக்கால்

தன் வலது குதிக்காலுக்குக் கண் இருக்கிறது என்றார் மகேந்திரராஜா. அதுவும் சும்மா கண் இல்லை, கோல்போஸ்ட் எந்தத் திசையில் இருந்தாலும் தேடிப் பிடிக்கிற கண்.

"முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டே கோல் போடுவன். ஒருக்கா நான் அடிச்ச பந்து வலையைப் பிய்ச்சுக்கொண்டு போய், ட்ராமில ஏறி சிட்டிக்கே போட்டுது."

"டிக்கெட் எடுத்துச்சா?" என்றார் பக்கத்தில் இருந்த சேஷாத்ரி.

"ஸ்ருடன்ற் கன்செஷன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேஷாத்ரி மட்டும் சிரிக்கவில்லை. "நானும் அந்தக் காலத்துல உனக்கு எதிரா விளையாடினவன்தான்யா. முதுகைக் காட்டி நீ ஓடினதைத்தான் பார்த்திருக்கேன்."

மெல்பர்ன் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்ச் சங்கமும் சிட்னிப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்ச் சங்கமும் ஆண்டுதோறும் மோதுகிற கால்பந்தாட்டம் அது. இவர்கள் இருவரும் மாணவர்களாக இருந்தபோது தொடங்கியது. இருவரும் ஓய்வுபெற்ற பிறகும் பகை மட்டும் ஓய்வுபெறவில்லை. இந்த முறை ஆட்டம் மெல்பர்னின் ட்ருகனினாவில். சிட்னியின் கெல்லிவில்லில் இருக்கும் சேஷாத்ரி சிட்னி மாணவர்களோடு பஸ்ஸில் வந்திருந்தார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரு பக்கத்து மூத்தவர்களும் ஆளுக்கொரு உதை உதைக்க வேண்டும். ஒருவர் உதைக்க மற்றவர் காக்க வேண்டும். அதற்கு நடுவர் கிடையாது. கோலா இல்லையா என்று கோல் காப்பவரே சொல்வார், அதற்கு மேல் பேச்சில்லை. முதல் வருடம் நடுவரை இரண்டு பக்கமும் துரத்திய துரத்தலில் அந்த மனிதர் டாஸ்மேனியா வரை நீந்திப் போனார் என்பது மகேந்திரராஜாவின் கணக்கு.

அன்று ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

மெல்பர்ன் அணித்தலைவி வினுஷா வியர்வையோடு ஓடி வந்தாள். அவள் படிப்பு முடிகிற வருடம் இது. சேர்ந்த நாளிலிருந்து கோப்பையைக் கையால் தொட்டதில்லை.

"அங்கிள், ப்ளீஸ், இது ஜோக் இல்ல. முழங்கால் ஓகேயா?"

"புதுசு பிள்ளை. டைட்டேனியம். பிளேன் செய்யிற சாமான்."

"இஞ்சேருங்கோ," மனைவி சங்கரி குறுக்கே வந்தார். "காலை முன்னுக்கு வீசி அடிக்கக் கூடாதெண்டெல்லோ டொக்டர் சொன்னவர்?"

"முன்னுக்குத்தானே கூடாதெண்டவர்?"

முதலில் சேஷாத்ரி உதைத்தார். பந்து கோலுக்கு மேலே எழும்பிப் போய், பின்னால் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பிரியாணிச் சட்டியின் மூடியைத் தட்டி விழுத்தியது. மெல்பர்ன் காற்றைத் திட்டிக்கொண்டே அவர் கோலுக்குள் போய் நின்றார்.

மகேந்திரராஜா பந்தை வைத்தார். திரும்பி, கோலுக்கு முதுகைக் காட்டி நின்றார். சிட்னிப் பக்கம் ஊளையிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலையில் எழுந்ததும் குசினிக் கதவில் ரப்பர் பட்டியைக் கட்டி, குதிக்காலைப் பின்னுக்கு இழுத்து இழுத்துச் செய்த பயிற்சி சங்கரிக்கு மட்டும் தெரியும். எதிரே வினுஷா இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது.

குதிக்காலால் அடித்தார்.

பந்து மின்னல்போலப் பறந்தது என்று அவர் இனிமேல் சொல்லத்தான் போகிறார். உண்மையில் அது உருண்டது. சேஷாத்ரி இடப்பக்கம் சாய்ந்தார், பந்து வலப்பக்கம் போயிற்று. அவர் பதறித் திரும்பித் தொப்பென்று அதன் மேல் விழுந்தார். கோட்டின் மேல் அவருடைய தொப்பை, தொப்பைக்கு அடியில் பந்து. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"சேவ்! அங்கிள், சேவ்னு சொல்லுங்க!" சிட்னிப் பிள்ளைகள் கத்தினார்கள்.

மகேந்திரராஜா திரும்பிப் பார்த்தார். அடித்தவருக்கே தெரியாத கோல். வாயைத் திறக்க நாக்குத் துடித்தது, வழக்கம் தடுத்தது. மெல்ல நடந்து போய்க் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு சேஷாத்ரி எழுந்தார். சட்டையில் கோல் கோட்டின் சுண்ணாம்பு. தன் பிள்ளைகளின் முகங்களை ஒரு தடவை பார்த்தார்.

"நான் விழறதுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டிடுச்சு," என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "முதுகைக் காட்டிக்கிட்டுதான் அடிச்சான், பாவி. என் கண்ணால பார்த்தேன். கோல்."